390 டாலர் அபராதம், ஆனா பில் ஆயிரக்கணக்கில்: கலிஃபோர்னியாவில் குடிச்சுட்டு ஓட்டினா கோர்ட் அனுப்பும் வகுப்பின் முழுக் கணக்கு



ஆன்சைட் போறவங்களுக்காக நம்ம சேனல்ல வரி, 401கே, இந்தியாவுக்குப் பணம் அனுப்புறது எல்லாம் பேசியிருக்கோம். இன்னிக்கு யாரும் பட்ஜெட்ல எழுதாத ஒரு செலவு. வெள்ளிக்கிழமை ராத்திரி டீம் பார்ட்டி, ரெண்டு மூணு கிளாஸ், "வீடு பக்கம்தானே"ன்னு காரை எடுக்கிறது. அந்தப் பத்து நிமிஷ டிரைவுக்கு வரக்கூடிய பில்லை வரி வரியா பார்க்கப் போறோம்.

அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற கலிஃபோர்னியாவை மட்டும் எடுத்துக்கிறேன். அங்கே இந்தக் குற்றத்துக்குச் சுருக்கமா டியூஐன்னு பேர். தண்டனையில அபராதம் ஒரு பகுதிதான். கோர்ட் உங்களை மது பற்றிய கல்வி வகுப்புக்கும் அனுப்பும். மாசக்கணக்குல போகணும், கட்டணமும் உங்க பாக்கெட்டிலிருந்துதான்.

இந்தப் பதிவு முடியும்போது ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்: அந்த வகுப்புல சொல்லித்தர்ற பாடம் கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே கிடைக்கும், கிட்டத்தட்ட இலவசமா. அதே பாடம் கோர்ட் வழியா வந்தா பல ஆயிரம் டாலர்.

முதல்ல சட்டம், ஒரு நிமிஷத்துல

கலிஃபோர்னியாவுல 21 வயசு முடிஞ்சவங்க சாதாரண கார் ஓட்டினா, ரத்தத்துல ஆல்கஹால் அளவு 0.08 சதவீதம் அல்லது அதுக்கு மேல இருந்தா குற்றம். "எனக்கு 0.07தான் இருந்துச்சு, தப்பிச்சேன்"னு நினைக்க வேண்டாம். அளவு குறைவா இருந்தாலும், போதையால ஓட்டும் திறன் பாதிக்கப்பட்டிருக்குன்னு நிரூபிச்சா அது தனிக் குற்றம். ரெண்டும் வேற வேற பிரிவு.

முதல் தடவை, யாருக்கும் காயம் இல்லைன்னா, பொதுவா மூணுலேர்ந்து அஞ்சு வருஷம் புரொபேஷன். அதாவது ஜெயிலுக்கு வெளியே இருக்கலாம், ஆனா நிபந்தனைகளோட. அந்த நிபந்தனைகள்ல ஒண்ணுதான் வகுப்பு.

390 டாலர் எப்படி 1,669 ஆகுது?

முதல் குற்றத்துக்கு அபராதம் 390 டாலர்லேர்ந்து 1,000 டாலர் வரை. "390தானே, ஒரு வீக்கெண்ட் ட்ரிப் செலவு"ன்னு தோணும். இங்கதான் கணக்கு ஆரம்பிக்குது.

ரெஸ்டாரன்ட் பில்லுல சாப்பாட்டு விலைக்கு மேல ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ் வர்ற மாதிரி, அங்கே அபராதத்துக்கு மேல கூடுதல் வசூல் உண்டு. ஒவ்வொரு 10 டாலர் அபராதத்துக்கும் மாநிலத்துக்கு 10, கவுண்டிக்கு 7, டிஎன்ஏ அடையாள நிதிக்கு 5, நீதிமன்றக் கட்டட நிதிக்கு 5 வரை, அவசர மருத்துவ சேவைக்கு 2 வரை. ஆக, 10 டாலருக்கு 29 டாலர் வரை கூடுதல். அதுக்கு மேல அடிப்படை அபராதத்துல 20 சதவீத சர்சார்ஜ்.

போட்டுப் பார்ப்போம்:

- அடிப்படை அபராதம்: 390 டாலர்
- கூடுதல் வசூல், 39 × 29: 1,131 டாலர்
- 20 சதவீத சர்சார்ஜ்: 78 டாலர்
- நீதிமன்றக் கட்டணங்கள், 40 + 30: 70 டாலர்
- மொத்தம்: 1,669 டாலர்

இது குறைந்தபட்ச அபராதத்துக்கான கணக்கு. இதுக்கு மேல பாதிக்கப்பட்டோர் நிதிக்கு ஒரு தொகை, காரை இழுத்துட்டுப் போன டோயிங் சார்ஜ், கார் நின்ன ஒவ்வொரு நாளுக்கும் வாடகை, வக்கீல் ஃபீஸ். வக்கீல் ஃபீஸ் மட்டுமே மேலே இருக்கிற மொத்தத்தைத் தாண்டிப் போறது சாதாரணம்.

வகுப்பு எத்தனை மாசம்?

இது உங்க ரத்தத்துல இருந்த அளவையும், இது எத்தனையாவது தடவைங்கிறதையும் பொறுத்தது. மாநில சுகாதாரத் துறை உரிமம் கொடுத்த நிறுவனங்கள்தான் இந்த வகுப்பை நடத்த முடியும்.

- முதல் தடவை, அளவு 0.20க்குக் கீழே: குறைஞ்சது 3 மாசம், 30 மணி நேரம்
- முதல் தடவை, அளவு 0.20 அல்லது மேல, இல்ல டெஸ்ட் எடுக்கவே மறுத்திருந்தா: குறைஞ்சது 9 மாசம், 60 மணி நேரம்
- 10 வருஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை: 18 மாசம்
- மூணாவது தடவையும் அதுக்கு மேலயும்: சில கவுண்டிகள்ல 30 மாசம், மத்த இடங்கள்ல 18 மாசம்

18 மாச வகுப்பை உடைச்சுப் பார்த்தா, 12 மணி நேரம் கல்வி, 52 மணி நேரம் குழு ஆலோசனை, முதல் வருஷம் முழுக்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆலோசகரோட தனி நேர்காணல், கடைசி ஆறு மாசத்துல 6 மணி நேரம் மேற்பார்வை. சம்பளத்துல இருக்கிற ஒருத்தருக்கு இதுக்கு என்ன அர்த்தம்? ஒன்றரை வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் ஒரு சாயங்காலம் உங்க கையில இல்ல. ரிலீஸ் இருக்கு, கிளையன்ட் கால் இருக்குன்னு சொன்னா அது உங்க பிரச்சினை. அளவுக்கு மேல வகுப்பைத் தவறவிட்டா நீக்கிடுவாங்க, கோர்ட்டுக்கும் தகவல் போயிடும். போதையோட வகுப்புக்கு வந்தாலும் அதே கதி.

கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 3 மாச வகுப்பே சில நூறு டாலர் ஆகும், 18 மாசம்னா ஆயிரத்தைத் தாண்டும். வருமானம் ரொம்பக் குறைவுன்னா ஆதாரம் காட்டித் தவணையில கட்ட வழி இருக்கு. ஐடி சம்பளத்துக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீங்க.

லைசென்ஸும் இன்ஷூரன்ஸும்: பத்து வருஷ இஎம்ஐ

கோர்ட் ஒரு பக்கம்னா, லைசென்ஸ் கொடுக்கிற டிஎம்வி துறை இன்னொரு பக்கம். ரெண்டும் தனித்தனியா நடக்கும். கைது பண்ற அன்னிக்கே போலீஸ் உங்க லைசென்ஸை வாங்கிட்டு 30 நாள் செல்லுபடியாகுற தற்காலிகத் தாள் கொடுப்பாங்க. விசாரணை வேணும்னா 10 நாளுக்குள்ள டிஎம்விகிட்ட கேட்கணும். இந்த 10 நாளை நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கோர்ட் தேதி இன்னும் வரலையேன்னு காத்திருப்பாங்க, அதுக்குள்ள இந்தக் கெடு முடிஞ்சிடும். முதல் தடவைக்கு 4 மாச சஸ்பென்ஷன், டெஸ்டை மறுத்தா 1 வருஷம்.

வேலைக்குப் போயாகணும்னா கட்டுப்பாடுகளோட ஒரு லைசென்ஸ் வாங்கலாம். அதுக்கு மூணு விஷயம் வேணும்: வகுப்புல சேர்ந்ததுக்கு ஆதாரம், 125 டாலர் கட்டணம், எஸ்ஆர்-22ன்னு ஒரு சான்று. எஸ்ஆர்-22ங்கிறது தனி பாலிசி இல்ல. "இவருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு"ன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனி டிஎம்விக்குத் தர்ற உறுதி. இதை மூணு வருஷம் தொடர்ந்து வெச்சிருக்கணும். இந்தச் சான்றைக் கேட்ட உடனே உங்க கம்பெனிக்கு விஷயம் தெரிஞ்சிடும், பிரீமியமும் ஏறும்.

இதைவிடப் பெரிய அடி ஒண்ணு இருக்கு. கலிஃபோர்னியா சட்டப்படி நல்ல டிரைவருக்குக் குறைஞ்சது 20 சதவீதம் தள்ளுபடி தரணும். டியூஐ தண்டனை வந்தா அந்தத் தகுதி 10 வருஷத்துக்குப் போயிடும்.

ஒரு உதாரணம் வெச்சுக்கலாம். தள்ளுபடியோட நீங்க வருஷத்துக்கு 1,800 டாலர் கட்டுறீங்க. தள்ளுபடி இல்லாம அது 2,250. வருஷத்துக்கு 450 வித்தியாசம், பத்து வருஷத்துக்கு 4,500 டாலர். குற்றத்துக்காகக் கம்பெனி தனியா ஏத்துற தொகை இதுல சேரலை. அபராதத்தை ஒரே நாள்ல கட்டி முடிக்கலாம். இது மட்டும் பத்து வருஷ இஎம்ஐ மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்.

யாருக்காவது அடிபட்டா?

இதுவரைக்கும் போட்டது யாருக்கும் ஒண்ணும் ஆகாத கேஸோட கணக்கு. யாருக்காவது காயமோ உயிரிழப்போ ஆனா குற்றமே வேற, தண்டனையும் வேற. அதுல பணப் பக்கத்தை மட்டும் சொல்றேன்.

2025 ஜனவரியிலேர்ந்து கலிஃபோர்னியாவுல குறைந்தபட்ச கார் இன்ஷூரன்ஸ், ஒருத்தருக்கு ஏற்படுற காயத்துக்கு 30,000 டாலர். அமெரிக்க ஆஸ்பத்திரியில 30,000 எத்தனை நாளைக்கு வரும்? அதுக்கு மேல போற நஷ்டஈடு உங்க சேமிப்பிலிருந்துதான் போகணும். குடிச்சுட்டு ஓட்டினதுக்காகக் கோர்ட் விதிக்கக்கூடிய தண்டனை நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டவே கூடாதுன்னு அந்த மாநிலச் சட்டம் சொல்லுது. "திவால் கொடுத்துட்டுப் போயிடலாம்"னா அதுவும் முடியாது. குடிச்சுட்டு ஓட்டி ஒருத்தருக்குக் காயமோ மரணமோ ஏற்படுத்தின கடன், அமெரிக்கத் திவால் சட்டத்துல தள்ளுபடி ஆகாத கடன்.

விசா: ரூபாய்ல போட முடியாத வரி

எச்-1பி, எல்-1 விசாவுல இருக்கிறவங்க இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க.

2015 நவம்பர்லேர்ந்து அமெரிக்க வெளியுறவுத் துறையோட நடைமுறை என்னன்னா, கடந்த 5 வருஷத்துக்குள்ள குடிச்சுட்டு ஓட்டினதுக்காகக் கைதாகியிருந்தா விசாவை ரத்து பண்ணலாம். கைதே போதும், தண்டனை வரைக்கும் போகணும்னு இல்ல. நீங்க அமெரிக்காவுக்குள்ள இருக்கும்போதே இமெயில்ல தகவல் வரலாம்.

விசா ரத்தான உடனே வேலை போயிடாது. விசாங்கிறது உள்ளே நுழையிற சீட்டு. உள்ளே இருக்கிற அனுமதி வேற. ஆனா தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தீங்கன்னா, திரும்பிப் போக புது ஸ்டாம்பிங் வேணும். விண்ணப்பத்துல எப்பவாவது கைதாகியிருக்கீங்களான்னு கேள்வி இருக்கும். ஆமான்னு சொன்னா, தூதரகம் அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. மதுவால நோய் நிலை இருக்கா, அதனால மத்தவங்களுக்கு ஆபத்தான நடத்தை இருக்கான்னு அவர் மதிப்பிடுவார். இருக்குன்னு முடிவானா, பொதுவா 12 மாசம் நோய் தணிஞ்ச நிலையில இருந்துட்டுத்தான் மறுபடி வரணும். அந்த 12 மாசமும் உங்க கார் லோன், வாடகை ஒப்பந்தம், ப்ராஜெக்ட் எல்லாம் அங்கே, நீங்க இங்கே.

"இல்லை"ன்னு பொய் சொன்னா? கைரேகை எடுத்தப்பவே பதிவாயிடுச்சு. பொய் தகவல் கொடுத்ததுங்கிறது நிரந்தரத் தடை வரைக்கும் போகிற தனிக் குற்றம்.

சரி, வகுப்புல என்னதான் சொல்லித்தர்றாங்க?

இந்தப் பாடத்தை மேலே போட்ட செலவு எதுவும் இல்லாம இங்கேயே படிச்சுக்கலாம். அடிப்படை ரொம்ப எளிது.

முதல் பாடம், நீங்க குடிக்கிறது எத்தனை கிளாஸ்ங்கிறது கணக்கே இல்ல, எத்தனை கிராம் ஆல்கஹால்ங்கிறதுதான் கணக்கு. அமெரிக்காவுல ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்னா 14 கிராம். நம்ம ஊர் அளவுல போட்டுப் பார்ப்போம். 650 மி.லி. பீர், 5 சதவீதம்னா சுமார் 26 கிராம். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர்னா 41 கிராம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., 42.8 சதவீதம்னா சுமார் 61 கிராம். ஒரு குவார்ட்டர்ங்கிறது அமெரிக்கக் கணக்குல நாலு டிரிங்குக்கு மேல!

ரெண்டாவது பாடம், உடம்பு இதை எவ்வளவு வேகத்துல கரைக்கும்ங்கிறது. சராசரியா மணிக்கு 0.015 சதவீதம்தான் குறையும். 70 கிலோ எடையுள்ள ஆண் ஒரு குவார்ட்டரைச் சீக்கிரம் முடிச்சா, அளவு தோராயமா 0.13 வரை போகலாம். 0.13ஐ 0.015ஆல வகுத்தா எட்டரை மணி நேரத்துக்கு மேல. ராத்திரி 11 மணிக்கு முடிச்சா, காலையில ஏழரை மணிக்கும் ரத்தத்துல மிச்சம் இருக்கும். தூங்கி எழுந்து, குளிச்சு, காபி குடிச்சு, "ஃபிரெஷ்ஷா இருக்கேன்"னு ஆபீஸுக்கு வண்டியை எடுக்கிறீங்க பாருங்க, அப்பவும் ஆபத்துதான். காபி, மோர், எலுமிச்சை ஜூஸ், பச்சைத் தண்ணிக் குளியல் எதுவும் கல்லீரலோட வேகத்தை மாத்தாது. நேரம் மட்டும்தான் மருந்து.

பெண்களுக்கும் எடை குறைஞ்சவங்களுக்கும் அதே அளவுக்கு இன்னும் அதிகமா ஏறும். இது தோராயக் கணக்குதான். இதை வெச்சு "இப்ப ஓட்டலாம்"னு முடிவு பண்ணாதீங்க. "குடிச்சா அன்னிக்கு ஓட்டவே வேணாம்"னு முடிவு பண்றதுக்கு இது போதும்.

மூணாவது, திட்டமிடல். குடிச்சதுக்கு அப்புறம் நல்ல முடிவு எடுக்க முடியாது. அதனால முடிவைக் குடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கணும். எஸ்ஐபி மாதிரிதான். மாசக் கடைசியில மிச்சம் இருந்தா சேமிப்பேன்னு நினைக்கிறவங்க சேமிக்கிறதே இல்ல, ஆட்டோ டெபிட் போட்டவங்கதான் சேமிக்கிறாங்க.

சில இடங்கள்ல கோர்ட் இன்னொண்ணையும் சேர்க்கும். குடிச்சுட்டு ஓட்டினவங்களால குடும்பத்துல ஒருத்தரை இழந்தவங்க நேர்ல வந்து பேசுற கூட்டம். இந்த மாதிரிக் கூட்டங்களைப் பரவலாக்கின மேட் அமைப்பு கலிஃபோர்னியாவுலதான் பிறந்துச்சு. 1980 மே மாசம் ஃபேர் ஓக்ஸ் ஊர்ல சாலையோரமா நடந்து போன 13 வயசு கேரி லைட்னர் கார் மோதி இறந்துபோனா. அந்த டிரைவர் ஏற்கெனவே குடிச்சுட்டு ஓட்டிப் பிடிபட்டவர். அந்தப் பொண்ணோட அம்மா கேண்டஸ் லைட்னர் அதே வருஷம் ஆரம்பிச்சதுதான் மேட். பிடிபட்டவரை ஃபைன் வாங்கிட்டு அனுப்பிடுறதா, திருத்தப் பார்க்கிறதாங்கிற கேள்வி அந்தச் சாவுக்குள்ளயே இருக்கு.

கல்வி வேற, சிகிச்சை வேற

இதுல நிறைய பேர் குழம்புறாங்க. வகுப்பு தகவல் கொடுக்கும். "இவ்வளவு ஏறும்னு தெரியாம குடிச்சேன்"ங்கிறவருக்கு அது போதும். ஆனா குடியை நிறுத்த முடியாம இருக்கிறவருக்குத் தகவல் மட்டும் போதாது. அவருக்குத் தேவை மருத்துவம். 30 மணி நேரம் உட்கார்ந்தா சான்றிதழ் கிடைச்சிடும், நோய் அப்படியே இருக்கும்.

இந்த வகுப்புகளால பலன் உண்டா? 1995ல வெளியான ஒரு பெரிய பகுப்பாய்வு 215 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச்சு. கல்வி, ஆலோசனை, சிகிச்சை பெற்றவங்க மறுபடி இதே குற்றம் செய்யறது சுமார் 7லேர்ந்து 9 சதவீதம் குறைவுன்னு வந்துச்சு. கல்வி, ஆலோசனை, தொடர் கண்காணிப்புன்னு பல வழிகளைச் சேர்த்தப்போ பலன் கூடுதல். சின்ன எண்தான். ஆனா சாலையில அது உயிர்க் கணக்கு.

நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தோட ஒரு கேள்வித்தாள் இருக்கு, பேர் ஆடிட். என் தொழிலுக்கும் அதே பேர்தான்! 10 கேள்வி, மொத்தம் 40 மார்க். எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீங்க, ஆரம்பிச்சா நிறுத்த முடியலையா, காலையில எழுந்ததும் தேவைப்படுதா, வீட்ல யாராவது கவலைப்பட்டுச் சொன்னாங்களான்னு கேட்கும். 8 மார்க் அல்லது அதுக்கு மேல வந்தா டாக்டரைப் பார்க்கணும்னு அர்த்தம். இங்க மட்டும் மார்க் குறைவா எடுக்கிறவர்தான் பாஸ். உங்க கணக்கை நீங்களே ஆடிட் பண்ணுங்க, கோர்ட் வந்து பண்றதுக்கு முன்னாடி.

ஒரு எச்சரிக்கை: தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு தானா நிறுத்தக் கூடாது. நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையிலதான் நிறுத்தணும். குடிக்கிற ஆசையைக் குறைக்க மருந்துகளும் இருக்கு. மனஉறுதி இல்லாதவங்கன்னு திட்டுற காலம் போச்சு.

சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவாங்க?

கோர்ட் அனுப்புற வகுப்புக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எதுவும் தராது, அது தண்டனையோட ஒரு பகுதி. ஆனா குடிப்பழக்க சிகிச்சை அமெரிக்காவுல மருத்துவச் செலவு. பெரும்பாலான கம்பெனி பிளான்கள்ல அதுக்குக் கவரேஜ் இருக்கும். வழக்கமான செக்கப்புல குடிப்பழக்கம் பற்றிக் கேட்கிற ஸ்கிரீனிங்குக்குப் பொதுவா கட்டணமே கிடையாது. கம்பெனியோட எம்ப்ளாயி அசிஸ்டன்ஸ் புரோகிராம்ல சில ஆலோசனை அமர்வுகள் இலவசம். உங்க பெனிஃபிட்ஸ் புத்தகத்துல இதெல்லாம் இருக்கும், நாமதான் புரட்டுறதில்ல.

இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு ஒரு கவனம். பல ஹெல்த் பாலிசிகள்ல "எக்ஸ்குளூஷன் 12"ன்னு ஒரு விலக்கு இருக்கும். மது, போதைப் பழக்க சிகிச்சையும் அதனால வர்ற விளைவுகளும் கவர் ஆகாதுன்னு சொல்ற வரி அது. உங்க பாலிசியை எடுத்துப் பாருங்க. ஆனா பணம் இல்லைங்கிறதுக்காக நிக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோட மனநலப் பிரிவுல சிகிச்சை கிடைக்கும். மத்திய அரசோட போதை மீட்பு இலவச உதவி எண் 14446. சென்னையில 1980ல தொடங்கின டிடிகே மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்குன்னே இயங்குது.

நம்ம ஊர்ல என்ன நிலைமை?

"நான் அமெரிக்காவுக்கே போகலையே"ங்கிறவங்களுக்கு: நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவுப்படி எல்லை 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி., அதாவது 0.03 சதவீதம். கலிஃபோர்னியாவைவிட இங்கதான் கண்டிப்பு அதிகம். மேலே போட்ட கணக்குப்படி ஒரு சாதாரண பீர் பாட்டிலே 70 கிலோ ஆளை 0.05 பக்கம் கொண்டுபோகும். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். மறுபடி சிக்கினா 15,000 ரூபாய் அல்லது 2 வருஷம் வரை சிறை, இல்ல ரெண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 3 மாசம் போகலாம், ரெண்டாவது தடவை ரத்தே ஆகலாம். திரும்ப வாங்க ஓட்டுநர் மறுபயிற்சி முடிக்கணும்.

வித்தியாசத்தைக் கவனிங்க. இங்கே சட்டம் சொல்ற பயிற்சி வண்டி ஓட்டுறது பற்றியது, குடி பற்றியது இல்ல. குடி பற்றிய பாடத்தை யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தி உட்கார வெச்சு நடத்தப் போறதில்ல. நீங்களாத் தேடிப் போனாத்தான் உண்டு.

இன்ஷூரன்ஸும் அப்படித்தான். குடிச்சுட்டு ஓட்டி மோதினா உங்க கார் சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்படும். எதிராளிக்குக் கம்பெனி கொடுத்தாலும் அந்தத் தொகையை உங்ககிட்ட வசூலிக்க வழி இருக்கு. விபத்துக் காப்பீட்டுலயும் போதை விலக்கு இருக்கான்னு பாருங்க. அது உங்க குடும்பத்துக்கு வர வேண்டிய பணம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. மாச பட்ஜெட்ல "ரைடு" தலைப்புல தனியா ஒரு தொகை ஒதுக்குங்க. மாசம் ரெண்டு பார்ட்டி, ஒரு தடவைக்கு 40 டாலர்னு வெச்சாலும் வருஷத்துக்கு 960 டாலர். மேலே பார்த்த அபராத பில்லைவிடக் குறைவு.
2. பார்ட்டிக்குக் காரை எடுத்துட்டே போகாதீங்க. கார் பக்கத்துல இல்லைன்னா சபலமும் இல்ல.
3. ஆடிட் கேள்வித்தாளைத் தனியா உட்கார்ந்து உண்மையா நிரப்புங்க. யாருக்கும் காட்ட வேண்டாம்.
4. 8க்கு மேல வந்தா டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடுங்க. நீங்களாப் போனா அது மருத்துவ ரகசியம். கோர்ட் அனுப்பினா அது பப்ளிக் ரெக்கார்ட்.
5. ஏற்கெனவே கேஸ்ல மாட்டியிருந்தா: 10 நாள் டிஎம்வி கெடுவை முதல்ல பாருங்க. கிரிமினல் வக்கீலோட இமிக்ரேஷன் வக்கீலையும் பாருங்க. ஸ்டாம்பிங் தேவைப்படுற பயணத்தை அவர் சொல்ற வரைக்கும் போடாதீங்க. வகுப்புல ஒண்ணைக்கூடத் தவறவிடாதீங்க, சான்றிதழ்களைப் பத்திரமா வெச்சிருங்க.
6. ரூம்மேட் இந்த நிலைமையில இருந்தா, கிண்டல் பண்ணாம வகுப்புக்கு டிராப் பண்ணுங்க. லைசென்ஸ் இல்லாம அவர் எப்படிப் போவார்?

வக்கீல், இன்ஷூரன்ஸ், ரத்தான ஸ்டாம்பிங் எல்லாம் சேர்த்து உங்களுக்கு எவ்வளவு ஆகும்னு துல்லியமா சொல்ல முடியாது. கேஸுக்குக் கேஸ் மாறும். ஆனா இந்த மொத்தப் பில்லுல உங்களுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்கிற வரி வகுப்பும் சிகிச்சையும் மட்டும்தான். மத்ததெல்லாம் போன பணம். அந்த ஒரு வரியை மட்டும் இப்பவே எடுத்துக்குங்க, மீதிப் பில் வராமலே போகட்டும்.

இந்தக் கணக்கை அட்டவணையா போட்டு விளக்குற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. ஆன்சைட் கிளம்புற நண்பருக்கு இதை அனுப்புங்க. உங்க பாலிசி வரிகள்ல சந்தேகம் இருந்தா கேளுங்க, அடுத்த வீடியோவுல எடுத்துக்கிறேன். பத்திரமா வீடு போய்ச் சேருங்க.